பேரப்பிள்ளையைப் பார்க்கும் ஆச்சிக்குக் கொடுக்கும் பணம்: கடைச் செலவா, வீட்டுச் செலவா?



கோவில்பட்டி வட்டாரத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தே கடையைக் கவனிக்கும் குடும்பங்கள் ஏராளம். கரிசல் காட்டு உளுந்தும் பாசியும் வரத்தாகும் நாட்களில் வீட்டுக்குச் சாப்பிடப் போகவும் நேரம் இருக்காது. அப்போது கைக்குழந்தைக்குத் துணை தாத்தாவும் ஆச்சியும்தான். அவர்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுப்பது நல்ல வழக்கம். அதைக் கடைக் கணக்கில் "சம்பளம்" என்று பற்று எழுதலாமா என்பதே பலருக்கும் உள்ள சந்தேகம்.

எழுதக் கூடாது. முழுக்க முழுக்க வியாபாரத்துக்காகச் செய்த செலவை மட்டுமே லாபத்தில் கழிக்கலாம். சொந்தச் செலவைக் கழிக்க முடியாது. 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37 ஆவது பிரிவு இது. 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்குரிய 2025 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் விதி மாறவில்லை. ஆச்சி குழந்தையைப் பார்ப்பதால்தான் மருமகள் கடைக்கு வர முடிகிறது என்பது உண்மையே. ஆனாலும் அது குடும்பச் செலவுதான். ஆதாரமில்லாத செலவை எழுதி வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், மறைத்த வரியைப் போல் இரு மடங்கு வரை அபராதம் வரலாம்.

விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டும் அனுமான முறையில் இருப்பவர்களுக்கு இப்படி எழுதுவதால் பயனும் இல்லை. அம்முறையில் எல்லாச் செலவும் கழிந்ததாகவே கணக்கு. (கமிஷன் வருமானத்துக்கு இம்முறை கிடையாது.)

அப்படியானால் எப்படிக் கொடுப்பது? உங்கள் சொந்தப் பற்றில் எடுத்து, அன்பளிப்பாகக் கொடுங்கள். பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், வாங்குபவருக்கு வரி இல்லை. மருமகன் மாமியாருக்குக் கொடுத்தாலும் அப்படியே. 50,000 ரூபாய் வரம்பு உறவினர் அல்லாதவரிடம் பெறுவதற்குத்தான். ஆனால் குழந்தை பார்க்க இவ்வளவு கூலி என்று பேசிக் கொடுத்தால் அது அன்பளிப்பாகாது, பெற்றவரின் வருமானமாகிவிடும்.

மாதம் 6,000 வீதம் ஆண்டுக்கு 72,000 ரூபாய் அம்மாவின் கணக்கில் போடுகிறீர்கள். அவர் அதை வைப்புத் தொகையாக்குகிறார் என்று கொள்வோம். அந்த வட்டி அவருடைய வருமானமே. உங்கள் வருமானத்தில் சேராது. மனைவிக்கோ மருமகளுக்கோ கொடுத்த பணத்தின் வட்டிதான் கொடுத்தவர் வருமானத்தில் சேர்க்கப்படும். புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. 60 வயது கடந்தவருக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை வங்கி வரி பிடிக்காது.

அப்பா உண்மையிலேயே கல்லாவில் உட்கார்ந்து வசூலும் பார்க்கிறார் என்றால் நிலைமை வேறு. கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்த வேலைக்குரிய சம்பளத்தைச் செலவாக எழுதலாம். வெளியாளுக்கு என்ன கொடுப்போமோ அந்த அளவில் இருக்கட்டும். மிகுதியை அதிகாரி தள்ளிவிடலாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தச் செலவு ஏற்கப்படாது.

அமெரிக்காவில், வேலைக்குப் போகும் பெற்றோர் தங்களைச் சார்ந்திராத பாட்டிக்குக் கொடுக்கும் குழந்தை பராமரிப்புக் கூலிக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் பாட்டி அதை வருமானமாகக் காட்ட வேண்டும். நம் நாட்டில் அன்பளிப்பாகக் கொடுத்தால் கொடுப்பவருக்குச் சலுகை இல்லை. வாங்குபவருக்கு வரி இல்லை.

ஆகவே, மாதாமாதம் வங்கி வழியே அவர்கள் பெயரிலேயே செலுத்துங்கள். பேரேட்டில் சொந்தப் பற்று என்று எழுதுங்கள். கடைக் கணக்கும் சுத்தமாக இருக்கும். முதுமையில் அவர்கள் கையிலும் நாலு காசு இருக்கும்.