பழுக்கக் காய்ச்சினாலும் பதறாத குழாய்!

திண்டுக்கல் என்றதும் பூட்டுதானே ஞாபகம் வரும்? 2019ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்போடு பழகிய ஊராச்சே!

கொல்லுப்பட்டறையில் அரிவாள் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இரும்பை உலையில் வைத்துப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சிவந்ததும் அது இளகிவிடும். சம்மட்டியால் அடித்தால், சொன்னபடி கேட்கும்.

பட்டறைக்கு இது வசதி. அனல்மின் நிலையத்துக்கோ இதுதான் பெரிய தலைவலி!

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் இருந்து வருகிறது. கரியை எரித்து, கொதிகலனில் தண்ணீரை நீராவியாக்கி, அந்த வேகத்தில் டர்பைனைச் சுழற்றுகிறார்கள். நீராவியின் சூடும் அழுத்தமும் கூடக் கூட, அதே கரியில் அதிக மின்சாரம் கிடைக்கும். கரி மிச்சம், காற்றில் கலக்கும் கார்பன்-டை-ஆக்சைடும் குறையும்.

அப்படியானால் சூட்டை ஏற்றிக்கொண்டே போகலாமே? முடியாது. குழாய் தாங்காது!

துணி காயப்போடும் நைலான் கொடி நாளாக ஆகத் தொய்கிறதல்லவா? கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகமும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் வெடித்துவிடும். இதற்குப் பெயர் 'க்ரீப்'.

இதற்கு விடை தேடியவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் இருந்து சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள திருச்சியில், பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. பெல், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், என்.டி.பி.சி. மூன்றும் கைகோத்தன. 2016ல் 1,554 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

இலக்கு என்ன தெரியுமா? நீராவியின் சூடு 710 டிகிரி செல்சியஸ்! அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 310 கிலோ! சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில் ஆறு 50 கிலோ அரிசி மூட்டைகளை அடுக்கியது போல!

அதற்காக இரண்டு உலோகக் கலவைகளைத் தயாரித்தார்கள்.

ஒன்று, 304எச்.சி.யூ. இது சுமார் 3 சதவீதம் செம்பு கலந்த துருப்பிடிக்காத எஃகு. சூட்டில் அந்தச் செம்பு நுண்ணிய துகள்களாகப் பிரிந்து, எஃகுக்குள் அங்கங்கே உட்கார்ந்துகொள்ளும். உலோக அடுக்குகள் நழுவாமல் தடுக்கும் வேகத்தடைகள் அவை!

இன்னொன்று, அலாய் 617எம். இதில் நிக்கல்தான் அதிகம். குரோமியம், கோபால்ட், மாலிப்டினமும் உண்டு. குரோமியம் மேலே மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கி, அரிப்பைத் தடுக்கும்.

பலன்? பழைய வகை நிலையம் 100 மூட்டை கரி எரிக்கும் இடத்தில், இதற்குச் சுமார் 80 மூட்டை போதும். தொழில்நுட்பம் தயார் என்றும், என்.டி.பி.சி.யும் பெல்லும் சேர்ந்து 800 மெகாவாட் நிலையம் அமைக்கும் என்றும் 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

இதனால் கரிப்புகை அடியோடு போய்விடாது. அதற்குச் சூரிய ஒளியும் காற்றாலையும் பெருக வேண்டும். அதுவரை எரிக்கிற கரியைக் குறைத்து எரிக்கலாமே!

அடுத்தமுறை பட்டறையில் சிவந்த இரும்பைப் பார்த்தால், அந்தச் சூட்டிலும் அசையாமல் நிற்கும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, ஆள் இல்லாத அறையில் எரியும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். அதுவும் கரி மிச்சம்தான்!