காதில் விழும்போதே சொல்லிவிடுங்கள்

ஆடி அமாவாசையன்று பாபநாசம் தாமிரபரணிப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஈர வேட்டியோடு கரையேறுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தாயை இழந்த பலருக்கும் மனசில் தங்கியிருப்பது ஒரே குறைதான்: "கடைசியா அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருக்கணும்."

இறந்தவர்களுக்கு மரியாதை செய்ய தாமிரபரணிக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1899-க்கும் 1905-க்கும் இடையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் வெளிவந்தன. பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. போகிற உயிரை வெறுங்கையோடு அனுப்பாத மண் இது. இன்றும் வாய்க்கரிசியிலோ, பேரப்பிள்ளைகள் பிடிக்கும் நெய்ப்பந்தத்திலோ, பதினாறாம் நாள் பந்தியிலோ ஒரு குறையும் வைப்பதில்லை. மூச்சு நிற்பதற்கு முந்தைய நாட்களில்தான் குறை வைக்கிறோம்.

முக்கூடலில் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா, பீடி சுற்றியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். புற்றுநோய் முற்றியதும், "இனி என்னை எங்கயும் தூக்கிட்டு அலையாதீங்க" என்று சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து வந்த மூத்த மகன் கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இலையை மடக்கி மடக்கி ஆள்காட்டி விரல் நகம் தேய்ந்து பழுப்பேறியிருந்தது. "ராத்திரியெல்லாம் சுளகை மடியில வச்சிக்கிட்டு நீ சுத்துன பீடியிலதாம்மா நான் காலேஜ் பீஸ் கட்டுனேன். நான் மறக்கல" என்றார். "ஏல, அதுக்கு என்ன இப்ப? கோயில் கொடைக்கு வரி குடுத்தாச்சா, அதைச் சொல்லு" என்றாராம் அம்மா. ஆனால் கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள், ஆற்றுத் தண்ணீரும் பாலும் ஒவ்வொருவர் கையாலும் நாக்கில் விழுந்த பிறகு அடங்கினார். "அண்ணன் இப்பவும் அழுவான், ஆனா புலம்ப மாட்டான்" என்கிறார் மகள்.

எத்தனை தாய்மார்களுக்கு இப்படி வாய்க்கிறது? இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்த பிறகும் ஐ.சி.யூ. கதவுக்குள் அனுப்பிவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறோம். பார்வை நேரம் சில நிமிடம். உள்ளே அம்மாவின் வாயில் குழாய். பேசவும் முடியாது, ஒரு சொட்டுப் பால் விடவும் வழியில்லை. ஐ.சி.யூ. எத்தனையோ உயிர்களை மீட்டுத் தருகிறது என்று மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். என் கவலை, மீள வழியில்லாதவர்களைப் பற்றியது. "பெத்த தாய்க்குச் செலவழிக்க மனசில்ல" என்று ஊர் சொல்லிவிடுமோ என்ற பயமும், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று தூர தேசத்திலிருந்து போனில் வரும் உத்தரவும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறக்கின்றன. நகையை அடகு வைத்து நாட்களை வாங்குகிறோம். அந்த நாட்களில் அம்மா நம்மோடு இருப்பதில்லை.

வீட்டில் வைத்தால் வலியில் துடிப்பாளே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள் நோயாளிகளுக்குக் கிடைப்பதை எளிதாக்க 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. தேவையற்ற உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-ல் நடைமுறையும் எளிதானது: இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும்.

பட்டினத்தார் தாயின் சிதை முன் பாடியதாகச் சொல்லும் பத்துப் பாட்டும் இன்றுவரை நம்மை உருக்குகின்றன. ஆனால் அந்தத் தாய்க்கு அவை கேட்கவில்லை. துறவிக்கு வேறு வழியில்லாமல் இருந்திருக்கலாம். நமக்கு இருக்கிறது.

நன்றி சொல்லப் பெரிய பேச்சு வேண்டாம். எந்த வருஷம் எந்தக் கம்மலை விற்று எந்தப் பீஸைக் கட்டினாள், யார் வீட்டில் போய்க் கடன் கேட்டாள் என்று நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களுக்கு மன்னிப்பும் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தால், முடியாமல் போகும்போது எங்கே இருக்க ஆசை, யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இந்த முறை ஊருக்குப் போகும்போதே கேட்டு, எழுதியும் வாங்குங்கள். "என்ன பேச்சுல இது" என்று முதலில் திட்டுவாள். திட்டி முடிக்கட்டும், மறுபடியும் கேளுங்கள்.