மூப்பும் நொதியும்

நரையும் திரையும் வந்துறுவது எதனால் என்னும் வினா மிகப் பழையது. அதற்கு விடை தேட அறிவியலார் நாடிய உயிர், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்பது வியப்பே. ஈஸ்ட் உயிரணு ஒன்று இருபது முப்பது முறை மொட்டு விட்டுச் சேய் அணுக்களை ஈன்றபின் ஓய்ந்துவிடும். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லெனார்டு குவாரென்டேயும் அவர்தம் மாணவரும் சர்2 என்னும் மரபணுவின் படி ஒன்றை ஈஸ்ட்டில் கூடுதலாகச் சேர்த்தனர். அதன் வாழ்நாள் ஏறத்தாழ 30 விழுக்காடு நீண்டது.

அம்மரபணு ஆக்கும் நொதியின் தொழில் யாது? டி.என்.ஏ. இழை, உருளையில் சுற்றிய நூல்போல, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் சுற்றிக் கிடக்கிறது. அப்புரதங்களில் அசிட்டைல் என்னும் சிறு தொகுதி ஒட்டினால் சுற்று தளரும், நீங்கினால் இறுகும். நீக்குவதே இந்நொதியின் வேலை. உணவிலிருந்து ஆற்றல் பெற உடலுக்கு உதவும் என்.ஏ.டி. என்னும் பொருளின்றி அவ்வேலை நடவாது என்பது 2000-இல் தெளிவாயிற்று. உண்ணும் அளவுக்கும் மூப்புக்கும் உள்ள உறவை ஆராய இஃது ஒரு வழி காட்டிற்று.

மூப்பை வெல்லும் மருந்தே கிடைத்துவிட்டதென ஆர்ப்பரித்தோர் அவசரப்பட்டுவிட்டனர். இந்நொதி மிகுந்த புழுவும் ஈயும் முன்னர்ச் சொன்ன அளவுக்கு நெடிது வாழவில்லை என 2011-இல் மறு ஆய்வு காட்டியது. மனிதரிடத்தும் எலியிடத்தும் இவ்வின நொதிகள் ஏழு உள்ளன. அவற்றுள் ஆறாவதை மிகுதியாகப் பெற்ற ஆண் சுண்டெலிகள் நெடுநாள் வாழ்ந்ததாக 2012-இல் அறிவிக்கப்பட்டது. பெண் சுண்டெலிகளுக்கு அப்பேறு கிட்டவில்லை.