பதினெட்டு மணி நேரம்!

களத்துமேட்டிலே கதிரடிக்கிறான் உழவன். உமியொன்று பறந்து கண்ணில் விழுகிறது. கசக்குகிறான், சிவக்கிறது. பட்டறையிலே இரும்பு தேய்க்கிறான் தொழிலாளி. பொறியொன்று தெறிக்கிறது. துண்டின் முனையைச் சுருட்டி, ஊதி, ஒற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறான். அரை நாள் கூலி போனால் அடுப்பு எரியாதே!

இரவெல்லாம் எரிச்சல். தாய்ப்பால் விடச் சொல்கிறாள் பாட்டி. பச்சிலை பிழியச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்றாம் நாள் கருவிழியிலே வெள்ளைப் புள்ளி. "பூ விழுந்துவிட்டது" என்கிறது ஊர். "முற்பிறவிப் பாவம்" என்கிறார் பஞ்சாங்கக்காரர்.

முற்பிறவியா? முந்தாநாள் விழுந்த உமி, தோழர்களே!

உமி கீறிய இடத்திலே கிருமியும் காளானும் குடியேறுகின்றன, புண்ணாகிறது. புண் ஆறினாலும் தழும்பு நிற்கிறது. ஒளி நுழையும் வாசலே அடைபட்டுவிடுகிறது. பிறகு, இறந்தவர் ஒருவரின் கருவிழி தானமாகக் கிடைத்தால்தான் வழி. "தானம் கொடுத்தால் மறுபிறவியில் குருடனாய்ப் பிறப்பாய்" என்று அதையும் தடுக்க வருகிறார் அதே பஞ்சாங்கக்காரர்!

மதுரை மாவட்டத்திலே 1993ஆம் ஆண்டுக்குக் கணக்கெடுத்தார்கள். லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வட்டாரத்திலே, 1980களில், லட்சத்துக்கு 11 பேர். அங்கே எழுதும்போது பிரம்மனுக்கு மை தீர்ந்துவிட்டதா? அங்கே பாவிகளே பிறப்பதில்லையா?

அந்தத் தலையெழுத்தை அழித்துப் பார்த்தார்கள் நேபாளத்திலே, நம்மைவிட வறிய நாட்டிலே. பக்தபூர் வட்டாரத்துக் கிராமச் சுகாதாரப் பணியாளருக்குக் கண்ணின் கீறலைக் கண்டறியக் கற்றுக் கொடுத்தார்கள். குளோரம்பெனிகால் களிம்பு, நாளைக்கு மூன்று வேளை, மூன்றே நாள். 2001இல் முடிவு வெளிவந்தது. கீறல்பட்டு வந்தவர் 442 பேர். 18 மணி நேரத்துக்குள் மருந்திட்டவர் 284 பேர். ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து, இரண்டு நாளுக்குள் வந்தவர் 49 பேர். அவர்களில் 14 பேருக்குப் புண். பாவ புண்ணியம் பார்க்கவில்லை அந்தக் களிம்பு; மணியைத்தான் பார்த்தது.

சென்னையிலே 1819இலேயே கண் மருத்துவமனை எழுந்தது. மதுரையிலே 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவமனை இல்லாமலா கண் போகிறது? களத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே கழிகிற அந்த மூன்று நாளிலே போகிறது. போதாக்குறைக்கு, கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வேறு. காளான் புண்ணுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

2021இல் கழக ஆட்சி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்தக்கொதிப்பு மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. மகிழ்ந்தோம், மார்தட்டினோம். அந்த உரிமையோடு கேட்கிறோம்: அந்தப் பையிலே ஒரு களிம்புக் குழாய்க்கு இடமில்லையா? நம்முடையது என்பதற்காகக் கேட்காமலிருக்க மாட்டோம்.

கிளைச் செயலாளர்களே, அறுவடைக்கு முன்பே ஊரிலே சொல்லி வையுங்கள். கண்ணில் பட்டால் கசக்காதே, பாலும் சாறும் விடாதே, அன்றைக்கே காட்டு. பட்டறையிலே காப்புக் கண்ணாடியை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள், அது சலுகையல்ல. அடிபட்டவன் கூலியை எண்ணித் தயங்கினால், நீங்களே அழைத்துப் போங்கள். மாநாட்டுக்கு வண்டி பிடிக்கத் தெரிந்த நமக்கு, மருத்துவமனைக்கு ஒரு வண்டி பிடிக்கத் தெரியாதா?