பட்டாவுக்குள் ஒரு மரம்

மாணவர்களே, உங்கள் வீட்டில் நிலப் பட்டா இருந்தால் அதில் 'புல எண்', 'உட்பிரிவு' என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். ஒன்றில் 45 என்றும் மற்றொன்றில் 2பி2 என்றும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் சேர்த்து 45/2பி2 என்பது வழக்கம். பேருந்தின் பதிவெண் போலத் தோன்றும் இது உண்மையில் ஒரு பாகப்பிரிவினைக் கதை. 45 என்ற காடு முதலில் ஒரே துண்டு. அது 1, 2 எனப் பிரிந்தது. 2 என்ற துண்டு ஏ, பி என இரண்டாயிற்று. பின்னர் பி என்ற பகுதியை அண்ணனும் தம்பியும் 1, 2 எனப் பங்கிட்டுக் கொண்டனர். எண்ணும் எழுத்தும் மாறி மாறி வருவதால், எத்தனை முறை பிரிந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இதை வரைந்தால் தலைகீழாக நிற்கும் ஒரு மரம் கிடைக்கும். மேலே போனால் 45-க்குத் தாய் வருவாய்க் கிராமம். அதற்குத் தாய் குறுவட்டம். பிறகு வட்டம், மாவட்டம். 45 என்ற புல எண் ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே முழு வழியையும் சொன்னால்தான் நிலம் எது என்று விளங்கும்.

நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறைக்கு நம் பகுதியே தொட்டில் எனலாம். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசம் வந்த சேலம், பாரமகால் நிலங்களில்தான் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் அதனைத் தொடங்கினர்.

கணிப்பொறிக்கு இந்த மரம் ஒரு சங்கடத்தைத் தருகிறது. அமெரிக்காவின் அப்போலோ விண்வெளித் திட்டத்துக்காக 1960-களில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தளம் மரத்தை மரமாகவே வைத்தது. 1970-இல் எட்கர் காட் என்ற அறிஞர், எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைக்கலாம் என்று காட்டினார். இன்று பெரும்பாலான அலுவலகத் தரவுத்தளங்கள் அவர் வழியில் செல்பவையே. அட்டவணையில் வரிசைகள் உண்டு, கிளைகள் இல்லை. அப்படியானால் மரத்தை எப்படி அதில் அடுக்குவது?

முதல் வழி எளியது. ஒவ்வொரு வரிசையிலும் 'தாய் யார்' என்று குறித்துவிடலாம். 1997 ஜனவரி முதல் நாள் சேலத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிந்ததல்லவா? இம்முறையில் இராசிபுரம் வட்டத்தின் தாயைச் 'சேலம்' என்பதிலிருந்து 'நாமக்கல்' என ஓரிடத்தில் மாற்றினால் போதும். கீழுள்ள கிராமங்கள் தாமே உடன் வரும். ஆனால் கொள்ளுப்பேரனின் மூதாதையைக் கேட்டால் படிப்படியாக ஏற வேண்டும். இப்படித் திரும்பத் திரும்ப ஏறும் கேள்வியை ஒரே கட்டளையாக எழுதும் வசதி, எஸ்.க்யூ.எல். என்ற வினவுமொழியின் தரவரையறையில் 1999-இல்தான் சேர்ந்தது.

இரண்டாவது வழி, முழு வழியையும் எழுதி வைப்பது. நம் உட்பிரிவு எண் செய்வது அதையே! எண்ணின் வாலை நறுக்கிக்கொண்டே போனால் மூதாதையர் வரிசையாக வருவர். மாவட்டம் பிரிந்தால் மட்டும், கீழுள்ள ஒவ்வொரு வரிசையையும் திருத்த வேண்டும். இன்னொரு பள்ளமும் உண்டு. '45/1 என்று தொடங்குவன எல்லாம் கொடு' என்றால், கணிப்பொறி 45/10-ஐயும் 45/12-ஐயும் சேர்த்தே கொண்டு வரும். அவை வேறு யாருடைய காடோ! ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஒரு கோடு போட்டு '45/1/' என்று எழுதினால் இது தீரும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. மரத்தைச் சுற்றி ஓர் எறும்பு ஊர்வதாக எண்ணுங்கள். ஒவ்வொரு கணுவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அடுத்தடுத்த எண்ணை எழுதிச் செல்கிறது. 45-க்கு 1, 14. 45/1-க்கு 2, 3. 45/2-க்கு 4, 13. 2ஏ-க்கு 5, 6. 2பி-க்கு 7, 12. 2பி1-க்கு 8, 9. 2பி2-க்கு 10, 11. இப்போது 45/2-இன் வாரிசுகள் யார்? நுழைவெண் 4-க்கும் 13-க்கும் இடையில் உள்ளவர் எல்லாரும். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஆனால் 2ஏ நாளை இரண்டாகப் பிரிந்தால், 6 முதல் 14 வரையுள்ள ஒன்பது எண்களும் நான்கு நான்காகக் கூட வேண்டும். அடிக்கடி பங்கு பிரியும் நிலத்துக்கு இது ஒத்துவராது.

இதெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டா? 45/2 முழுவதையும் 1980-இல் தாத்தா அடமானம் வைத்தார், கடன் தீரவில்லை, அதன் பின்னரே நிலம் பிரிந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்று 45/2பி2-ஐ வாங்க வருபவர் அந்த எண்ணை மட்டும் கொடுத்து வில்லங்கம் பார்த்தால் அடமானம் கண்ணில் படாது. அது எழுதப்பட்டிருப்பது பாட்டன் எண்ணில். 45/2பி, 45/2, 45 ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். அனுபவமுள்ள பத்திர எழுத்தர்கள் தாய்ப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, பழைய எண்களையும் கேட்டு எழுதிக்கொள்வது இதற்காகத்தான்.