மடிக்கணினி கையோடு வரட்டும்

தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஹட்டன், நுவரெலியா பக்கம் திரும்பும் உங்கள் பொதிகளில் பிள்ளைகளின் மடிக்கணினியும் இருக்கலாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கியதாகவும் அது இருக்கலாம். எதுவானாலும், பெட்டிக்குள் போட்டு விமானத்தின் சரக்குப் பகுதிக்கு அனுப்பாதீர்கள். கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் படங்கள் கணினியில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வேறு பையில் வையுங்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது மூலப் பத்திரங்களைக் கேட்பார்கள். அவை எப்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும். கணினி வாங்கிய ரசீது, அல்லது பள்ளியில் கொடுத்ததற்கான கடிதம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

விமான நிலையத்தில்

மடிக்கணினியில் உள்ளது லித்தியம் பெட்டரி. நசுங்கினாலோ பழுதானாலோ அது தீப்பற்றக்கூடும். பயணிகள் பகுதியில் என்றால் உடனே அணைக்கலாம். சரக்குப் பகுதியில் அது கடினம். அதனால்தான் பவர் பேங்க், தனியாகக் கொண்டுவரும் பெட்டரி ஆகியவற்றைச் சரக்குப் பொதியில் வைக்க அனுமதி இல்லை. 100 வாட்-மணிக்குக் குறைந்த பெட்டரிக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவையில்லை; சாதாரண மடிக்கணினிகள் இதற்குள் அடங்கும். வீங்கிய பெட்டரியைக் கொண்டுவரவே வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் கணினியைப் பையிலிருந்து எடுத்துத் தனித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். திரும்ப எடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

கட்டுநாயக்க சுங்கத்தில்

பாவித்த சொந்தக் கணினி என்றால் கேட்டால் காட்டுங்கள். பெட்டி பிரிக்காத புதிய கருவிகள், அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் சிவப்பு வழியில் சென்று நீங்களே சொல்லிவிடுங்கள். வேறொருவர் தரும் கருவியை உங்களுடையது என்று கொண்டுவராதீர்கள்.

வீடு வந்த பின்

இரு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட். சார்ஜர் மாற்றத் தேவையில்லை. பிளக் மட்டும் மாறலாம். பழைய லயன் வீடுகளில் உருண்டை முள் பிளக் பொருந்தும். புதிய வீடுகளில் சதுர முள் 13 அம்பியர் பிளக் பொயின்ட் இருக்கும். அதன் மேல் துளையில் குச்சியோ பேனாவோ செருகி உருண்டை பிளக்கைத் தள்ளுவது ஆபத்து. டவுன் மின்சாதனக் கடையில் அடாப்டர் வாங்குங்கள்.

மலையில் குளிரும் ஈரமும் அதிகம். குளிர்ந்து போன கணினியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தவுடன் போடாதீர்கள். உள்ளே நீர் துளிர்த்திருக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி இடிக்கும். மழை இருட்டும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.