கோணலாகப் படுக்க எத்தனை முழம் துணி?

கேம்பிங் சாமான் விற்கும் கடைகளில் ஹேமாக் இரண்டு ரகமாகத் தொங்கும்: சிங்கிள், டபுள். தனியாகப் போகிறவர் சிங்கிளை எடுப்பார், ஜோடியாகப் போகிறவர்கள் டபுளை எடுப்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மரத்தடியில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க நினைப்பவரை இந்தப் பெயர்கள் போல ஏமாற்றுபவை வேறில்லை. டபுளில் இரண்டு பேர் உட்கார்ந்து அரட்டை அடிக்கலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். படுத்தால் இரண்டு உடம்பும் நடுப் பள்ளத்துக்குச் சரிந்துவிடும். ஒருவர் புரண்டால் இருவருக்கும் தூக்கம் போச்சு. டபுள் என்று விற்கப்படுவது, ஒரே ஒருவர் வசதியாகக் கை காலை நீட்டிப் படுக்கிற அளவு. அட்டையில் '200 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பது துணியின் பலத்தைச் சொல்கிறது, படுக்கிற சுகத்தை அல்ல.

காரணம் எளிது. ஹேமாக்கில் நீளவாக்கில் நேராகப் படுத்தால் துணியின் வளைவு அத்தனையும் முதுகுக்கு வந்துவிடும். குதிகால் மேலே ஏறும், இடுப்பு கீழே இறங்கும், தாடை நெஞ்சைத் தொடும். சேலைத் தூளியில் குழந்தை சுருண்டு தூங்குவது போல வளர்ந்தவர் தூங்க முடியாது. தலையை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் தள்ளி, காலை மறுபக்கம் நீட்டிக் கோணலாகப் படுத்தால் அந்த வளைவு கிட்டத்தட்ட மறைந்து முதுகு சமமாகிறது. மெக்சிகோவின் யுகடானிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் படுக்கிறார்கள். அங்கே பல வீடுகளில் ஹேமாக்தான் கட்டில். அகலம் தேவைப்படுவது இந்தக் கோணலுக்குத்தான்.

அகலத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. கடையில் யாரும் கேட்காத கேள்வி, நீளம் எவ்வளவு என்பது. அமெரிக்காவில் பரவலாக விற்கும் ஈனோ நிறுவனத்தின் சிங்கிள்நெஸ்ட், டபுள்நெஸ்ட் இரண்டையும் பாருங்கள். முதலாவது சுமார் நாலரை அடி அகலம், இரண்டாவது ஆறடிக்குச் சற்று மேல். நீளம் மட்டும் இரண்டுக்கும் ஒன்பதரை அடிக்குள்தான். பகல் தூக்கத்துக்கு அது தாராளம். ஆறடி உயர ஆள் அதில் ராத்திரி படுத்தால் என்ன ஆகும்? துணியின் நடுவே ஒரு விறைப்பான முகடு எழும்பிக் கெண்டைக்காலை அழுத்தும், முழங்கால் பின்பக்கமாக மடங்கி வலிக்கும், உபரி அகலம் முகத்தின் மேல் வந்து படபடக்கும். அவருக்கு 11 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள ஹேமாக்தான் சரி. ஐந்தரை அடி ஆளுக்கு 10 அடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றே குறைவான அகலமும் போதும். உயரத்தோடு நாலரை முதல் ஐந்து அடி வரை கூட்டிக்கொண்டால் நீளத்துக்குக் கணக்கு கிடைத்துவிடும். தோள் அகன்றவர்கள் மட்டும் அகலத்தில் இன்னும் அரை அடி கேட்கலாம்.

டபுள் ஹேமாக்குகளின் இரு ஓரத்திலும் வேறு நிறத்தில் ஒரு பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. இந்த வகைத் துணி பெரும்பாலும் சுமார் ஒன்றரை மீட்டர் அகலத்தில்தான் சுருளாக வருகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒட்டுப் போட்டே ஆகவேண்டும். வாங்கும்போது அந்தத் தையலை வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். ஊசித் துளைகள் வாய் பிளந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். கயிறு நுழையும் இரு முனைத் தையலுக்கும் இதே சோதனைதான்.

துணிக்கு வருவோம். 'பாராசூட் துணி' என்று சொல்லி விற்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு வராமல் போனதால் பாராசூட்டுகள் நைலானுக்கு மாறியது உண்மை. இன்று அந்தப் பெயரை வைத்து எந்தத் தரத்தையும் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க வேண்டியது டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். சாதாரண ஹேமாக்குகளில் 70 டெனியர் நைலான் டஃபெட்டா இருக்கும்: மெத்தென்றிருக்கும், உழைக்கும், கொஞ்சம் கனக்கும். பை எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கிறவர்கள் ரிப்ஸ்டாப்புக்குப் போவார்கள். அதில் பாவிலும் ஊடையிலும் குறிப்பிட்ட இடைவெளியில் தடித்த இழை ஓடிச் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். முள் கிழித்தால் கிழிசல் சட்டென்று பரவாமல் அந்தக் கட்டம் தடுக்கும். துணி எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவுக்கு அது இழுபடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நைலான் ஈரத்தை உறிஞ்சித் தளரும். மாலையில் கச்சிதமாகக் கட்டிய ஹேமாக், பனி இறங்கிய நள்ளிரவில் தொய்ந்து போவது இதனால்தான். பாலியஸ்டர் அவ்வளவு ஈரம் குடிக்காது, இழுபடவும் செய்யாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். வால்பாறை, கொடைக்கானல் மேல்மலை பக்கம் போகிறவர்களுக்கு என் ஓட்டு பாலியஸ்டருக்குத்தான். பருத்தி உடம்புக்கு இதம், ஆனால் கனம். நனைந்தால் சீக்கிரம் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுத் திண்ணைக்கு வைத்துக்கொள்ளலாம். சொந்தமாகத் தைத்துக்கொள்ள நினைப்பவர்கள் டென்ட் துணியை வாங்கிவிட வேண்டாம். துணியில் வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரவேண்டும். வராவிட்டால் அதற்கு மழைப்பூச்சு கொடுத்திருக்கிறார்கள், விடியும்போது முதுகு வியர்வையில் ஊறிக் கிடக்கும்.

மெல்லிய துணிக்கு இன்னொரு வம்பு, கொசு. மேலே வலை இருந்தாலும் முதுகு அழுந்துகிற இடத்தில் கீழிருந்து துணி வழியாகவே கடிக்கும். இரட்டைத் துணி ஹேமாக் இதற்குப் பெரும்பாலும் தீர்வு. இரண்டு துணிக்கும் நடுவே ஃபோம் பாயைச் செருகிக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். மலையில் அது அவசியமும்கூட. ஸ்லீப்பிங் பேக் முதுகுக்கடியில் நசுங்கிவிடுவதால் அங்கே கதகதப்பு நிற்காது; கீழே காற்று வேறு ஓடிக்கொண்டிருக்கும். 20 டிகிரிக்குக் கீழே போனாலே முதுகு சில்லிடத் தொடங்கும்.

எவ்வளவு நல்ல துணியானாலும் விறைப்பாக இழுத்துக் கட்டினால் வீண். ஹேமாக்கை மரத்தோடு கட்டும் பட்டை தரையோடு சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அப்போது 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் விழும் இழுவை 70 கிலோதான். 10 டிகிரிக்கு இழுத்துக் கட்டினால் அதுவே 200 கிலோ ஆகிவிடும். தையல் பிரிவதும் துணி கிழிவதும் அநேகமாக இப்படித்தான். இரு முனைக்கும் இடையே ஹேமாக் நீளத்தில் 83 சதவீதத்துக்கு ஒரு மெல்லிய கயிறு கட்டிவிட்டால், எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு மாறாது; 11 அடி ஹேமாக்குக்கு அது ஒன்பது அடிக்கு ஒன்றரை அங்குலம் கூட.

பல செட்டுகளோடு வரும் மெல்லிய நைலான் கயிறு மரப்பட்டையை அறுக்கும், ராத்திரியில் நீளவும் செய்யும். ஓர் அங்குல அகலப் பாலியஸ்டர் பட்டையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் அனுமதி கேட்டு, பச்சையாக இருக்கும் கனத்த சில்வர் ஓக்கில் கட்டலாம். தென்னந்தோப்பில் கட்டுவதாக இருந்தால் மட்டையும் காயும் தலைக்கு மேலே இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். அப்படி ஓர் இடம் தோப்பில் கிடைப்பது அபூர்வம்.